முதல் வரியில் ஒரு கூட்டல் குறி

என் கடைக்கு வருகிறவர்கள் யாரும் என்னைப் பொறுமைசாலி என்று சொல்லமாட்டார்கள். "பிரியா அக்கா கடிச்சித் துப்பிரும், ஆனா வேலை சுத்தம்" என்பதுதான் தூத்துக்குடி கல்லூரிப் பிள்ளைகளிடம் எனக்கு இருக்கும் பெயர். இரண்டையும் நான் மறுப்பதில்லை. ஆய்வேடுகளைப் பக்கம் பிரித்து, ஒழுங்காக அச்சடித்துக் கையில் கொடுப்பது என் தொழில். அதில் பாதி நேரம் மற்றவர்கள் கெடுத்துவைத்ததைச் சரிபண்ணுவதிலேயே போய்விடும். பிறகு பொறுமை எங்கிருந்து வரும்?

எல்லோரும் வேர்டில் அடித்துக்கொண்டு வருவார்கள். ஒரு படத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் பத்துப் பக்கம் தள்ளிப் போகும். அடிக்குறிப்பு ஒரு பக்கத்திலும் அதன் எண் இன்னொரு பக்கத்திலும் தனித்தனியாகக் குடித்தனம் நடத்தும். அதனால் எனக்கு வேண்டியவர்களிடம் நான் ஒரே ஒரு வழியைத்தான் சொல்வேன். அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எழுத்து ஃபைலாக எழுது. நோட்பேடில் எழுது, போதும். ஃபைலின் தலையில் மூன்று சின்னக் கோடு, கீழே இன்னொரு மூன்று கோடு, இரண்டுக்கும் நடுவில் அச்சுக் கட்டளைகளை நான் எழுதித் தருகிறேன். எந்த ஃபான்ட், இடது பக்கம் எவ்வளவு விளிம்பு, வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி, பக்க எண் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். எக்ஸ்போர்ட் பண்ணும்போது கட்டளைகள் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு மறைந்துகொள்ளும். பந்தியில் சமையல்காரர் தலைகாட்டாத மாதிரி, அச்சில் அவை தெரியாது.

பிளாரன்ஸ் எனக்கு வேண்டியவள். கல்லூரியில் ஒரே பெஞ்ச். நான் படிப்பை முடித்ததும் கடை போட்டேன்; அவள் தனியார் கல்லூரி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். வேலை, வீடு, மகள் ஸ்டெபி எல்லாவற்றுக்கும் நடுவில் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, இழுத்து, நீட்டிப்பு வாங்கி, அதற்கு மேலும் ஒரு நீட்டிப்பு வாங்கியிருந்தாள். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டுகளுக்கு, மீனவர்கள் பேச்சில் பார்களுக்கு, அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் பற்றியது அவள் ஆய்வு. முத்துச்சிப்பி கிடக்கும் பார், மீன் அடையும் பார், வலையைக் கிழிக்கும் பார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியிருந்தாள். ஆலந்தலையில் ஒரு பெரியவர் பேசிய பேச்சை மட்டும் ஒரு அத்தியாயமாக்கியிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அவளுக்குக் கடைசி நாள். மாலையில் ஆபீஸ் மூடுவதற்குள் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. மறுபடி முதலிலிருந்து பதிவு செய்து, மறுபடி அத்தனையும். இன்னொரு முறை அதற்கெல்லாம் தெம்பில்லை என்று அவளே சொல்லியிருந்தாள். "இது போச்சுன்னா அப்படியே விட்டுருவேன் பிரியா. வீட்ல யாரும் ஏன்னு கேக்கப் போறதில்ல."

வீட்டில் யாரும் என்று அவள் சொன்னது ரெக்சன் அண்ணனை. அவள் வீட்டுக்காரர். விசைப்படகு வைத்திருக்கிறார். நல்ல மனுஷன், ஆனால் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். அவள் ஆய்வைத் தொடங்கிய புதிதில் அவர் ஒரு தடவை பேசிவிட்டார். "கடலுக்குப் போற எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. இத எழுதுனதுக்கு ஒரு பட்டமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். பிளாரன்ஸ் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவரிடம் ஆய்வைப் பற்றி அவள் எதுவும் பேசுவதில்லை, அவரும் கேட்பதில்லை. அந்த ஒரு வாக்கியத்தை என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை.

அன்று காலையில் கடை திறந்த கையோடு வந்துவிட்டாள். புதுப் புடவை, தலையில் பிச்சிப்பூ, கையில் பென் டிரைவ். முந்தின நாளே எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் பண்ணிப் பார்த்திருந்தோம், அழகாக வந்திருந்தது. நெறியாளர் கடைசி அத்தியாயத்தில் சில திருத்தங்கள் சொல்லியிருந்தார். அதை மட்டும் வீட்டில் உட்கார்ந்து ராத்திரி அடித்துவிட்டு ஃபைலைக் கொண்டுவந்திருந்தாள். எக்ஸ்போர்ட், பிரிண்ட், எதிர்த்த சந்தில் லிங்கராஜ் அண்ணாச்சியிடம் பைண்டிங், அப்புறம் பஸ். மதியத்துக்குள் முடிந்துவிடும் வேலை.

"டீ சொல்லட்டா?" என்று கேட்டுக்கொண்டே எக்ஸ்போர்ட் பட்டனைத் தட்டினேன். சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது. இந்தக் கட்டளை ஃபைலின் தலைப்பகுதியில் மட்டும்தான் வரலாம் என்று சொன்னது.

"தலைலதானல இருக்கு, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றேன் கம்ப்யூட்டரிடம். அதை நான் 'ஏலே' போட்டுத்தான் பேசுவேன்.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். தலையில் கட்டளைகள் அத்தனையும் நான் எழுதிக்கொடுத்தபடியே இருந்தன. மூன்று கோடு மேலே, மூன்று கோடு கீழே. ஒரு எழுத்து மாறவில்லை. சரி, அந்தக் கட்டளை ஒன்றுதானே தகராறு பண்ணுகிறது, அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம் என்று எடுத்தேன். இந்த முறை எக்ஸ்போர்ட் ஆனது. வந்ததைத் திரையில் பார்த்தேன்.

முதல் பக்கத்தில், மறைந்திருக்க வேண்டிய கட்டளைகள் எல்லாம் அச்சில் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன. ஃபான்ட் பெயர், விளிம்பு அளவு, எல்லாம். அதற்குப் பின்னால் வந்த பக்கங்களில் தமிழே இல்லை. கமா இருந்தது, புள்ளி இருந்தது, அடைப்புக்குறிக்குள் ஆண்டுகள் இருந்தன. நடுவில் எழுத்து இருந்த இடமெல்லாம் வெறும் வெள்ளை. ஒரு பார் பெயர்கூட மிஞ்சவில்லை.

பிளாரன்ஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "ஏளா பிரியா, எல்லாம் அழிஞ்சிட்டா?"

"அழியல. ஃபைல்ல எல்லாம் அப்படியே இருக்கு. எக்ஸ்போர்ட்லதான் கொளறுது. நீ உக்காரு."

அவள் உட்காரவில்லை. எனக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள். யாராவது முதுகுக்குப் பின்னால் நடந்தால் எனக்கு எரிச்சல் வரும், ஆனால் அன்றைக்குப் பொறுத்துக்கொண்டேன்.

தமிழ் காணாமல் போனால் ஃபான்டில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஃபான்டை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே வெள்ளை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அதே வெள்ளை. ராத்திரி தானாக ஏதாவது அப்டேட் ஆகித் தொலைத்திருக்கும் என்று அந்தக் கம்பெனிக்காரர்களைப் பரம்பரையோடு திட்டினேன். பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம் ஞாபகம் வந்தது. வேறொருவரின் ஃபைலை எடுத்து எக்ஸ்போர்ட் பண்ணிப் பார்த்தேன். அது அட்டகாசமாக வந்தது.

ஆக, கம்ப்யூட்டர் மேல் பழியில்லை. கோளாறு இந்த ஃபைலில்தான்.

"நேத்து ராத்திரி என்ன பண்ணுன? ஒண்ணு விடாம சொல்லு" என்றேன்.

"சார் சொன்ன திருத்தத்த அடிச்சேன். சேவ் பண்ணுனேன். படுத்துட்டேன். காலைல பென் டிரைவ்ல ஏத்துனேன்."

"தலையத் தொட்டியா?"

"நான் எதுக்குத் தொடுதேன். அது உன் இடம்லா."

"வேற யாரும் தொட்டாவளா?"

"யாரு தொடுவா? ஸ்டெபி ஹாஸ்டல்ல இருக்கா. வீட்ல இருக்கது அவிய ஒருத்தரு. அவியளுக்கு நான் எதப் பத்தி எழுதுதேன்னே இப்ப மறந்துருக்கும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கே கோளாறு என்று தெரியாவிட்டால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அதில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு எக்ஸ்போர்ட் பண்ணிப் பார்ப்பேன். சரியாக வந்தால் கோளாறு வெட்டிய பாதியில் இருக்கிறது. வராவிட்டால் மிச்சப் பாதியில். இப்படி வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் திருடன் தனியாக நிற்பான். கடைசி அத்தியாயங்களை வெட்டினேன். வரவில்லை. ஆலந்தலைப் பெரியவரை வெட்டினேன். வரவில்லை. "நகல்தான பிரியா? நகலத்தான வெட்டுத?" என்று பிளாரன்ஸ் ஒவ்வொரு முறையும் கேட்டாள். முன்னுரையையும் வெட்டினேன். அப்போதும் வரவில்லை.

கடைசியில் ஃபைலில் என்னுடைய கட்டளைகளைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. என் கட்டளைகளேதான் திருடன் என்றால் அதை எப்படி ஒத்துக்கொள்வது? கோபத்தோடு ஒரு புது ஃபைல் திறந்து, அதே கட்டளைகளை மறுபடி முதலிலிருந்து என் கையாலேயே அடித்து, கீழே 'பிளாரன்ஸ்' என்று தமிழில் ஒரே ஒரு வார்த்தை போட்டு எக்ஸ்போர்ட் பண்ணினேன். பளிச்சென்று வந்தது, அவள் பெயர்.

இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. பிளாரன்ஸின் ஃபைலில் மூன்று கோட்டுக்கும் மேலே, முதல் வரியில், ஒரு கூட்டல் குறி.

அதை நான் அதுவரை பார்க்காமல் இல்லை. காலையிலிருந்து அந்தத் தலைப்பகுதியைக் குறைந்தது இருபது தடவையாவது பார்த்திருப்பேன். கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை. எங்கள் ஊரில் யாரும் வெள்ளைத்தாளில் நேராக விஷயத்தை எழுத ஆரம்பிப்பதில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளையார் சுழி. பிளாரன்ஸ் வீட்டுப் பக்கத்தில் ஒரு சிலுவை, கூட்டல் குறி மாதிரி. பாய் கடை பில்லில் எழுநூற்று எண்பத்தாறு. அரிசி, பருப்புச் சிட்டையிலிருந்து பரீட்சைப் பேப்பர் வரைக்கும் இதுதான் வழக்கம். கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது இவற்றைத் தாண்டிப்போக என் கண் பழகிப்போய்விட்டது. எனக்கு அது எழுத்தே இல்லை.

ஆனால் கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முதல் வரியில் மூன்று கோடு இருந்தால்தான் அதற்கு அது தலை. அதற்கு மேலே ஒரு குறி வந்து ஒட்டிக்கொண்டு நின்றால், கீழே இருப்பதெல்லாம் சாதாரண எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஃபான்ட் ஏது, விளிம்பு ஏது? அது காலையிலேயே சிவப்பில் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் அதைத் திட்டியிருக்கிறேன்.

"சிலுவை போட்டியா நீ?" என்று பிளாரன்ஸிடம் கேட்டேன்.

"பேப்பர்னா போடுவேன். கம்ப்யூட்டர்ல எதுக்குப் போடுதேன்?"

சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் மேஜைமேல் வைத்தாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் ஏறியிருந்தது. ரெக்சன் அண்ணன் அதற்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"கிளம்பிட்டியா?" என்றார்.

"நேத்து என் லேப்டாப்பத் தொட்டீங்களா?"

தட்டுகிறவரை நிறுத்தச் சொன்னார். "ஆமா" என்றார் பிறகு.

"என்ன பண்ணுனீங்க?"

"தண்ணி குடிக்க எந்திச்சேன். அது மூடாம கெடந்துச்சு. என்னதான் எழுதிருக்கான்னு பாப்போம்னு உக்காந்தேன். வாசிச்சேன். விடியுற வரைக்கும் வாசிச்சேன்."

பிளாரன்ஸ் நாற்காலியை இழுத்து அப்போதுதான் முதல்முறையாக உட்கார்ந்தாள். "எத வாசிச்சீங்க?"

"பாரு பேரு வர்ற எடமெல்லாம். சரியாத்தான் எழுதிருக்க. எங்கன தப்பு இருக்குன்னு பாத்துக்கிட்டே வந்தேன், ஒண்ணும் இல்ல. நம்ம பசங்களுக்கே அதுல பாதி தெரியாது. எனக்கும் சிலது தெரியாது." அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "முடிச்சிட்டு மேல போய்ப் பாத்தேன், சிலுவை இல்ல. நாளைக்கு வெளிய போற சாமான்லா. அதான் ஒண்ணு போட்டு சேவ் பண்ணி விட்டேன். ஏன், தப்பாயிட்டா?"

பிளாரன்ஸ் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவருடைய அந்த ஒரு பழைய வாக்கியத்தை இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டு திரிந்தவள், இப்போது 'சரியாத்தான் எழுதிருக்க' என்ற இன்னொரு வாக்கியத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்து சத்தமாகப் பேசினேன்.

"அண்ணே, நான் பிரியா பேசுதேன். உங்க சிலுவை காலைலருந்து எங்க உயிர வாங்கிட்டு. தெரியுமா?"

"அய்யோ. எடுத்துட்டா சரியாயிருமா தங்கச்சி?"

"ஆயிரும்."

"அப்ப எடுத்துரு. ஒண்ணும் யோசிக்காத, எடுத்துரு."

"எடுக்காத" என்றாள் பிளாரன்ஸ். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கைவைத்தால் கையை ஒடித்துவிடுவாள் போலிருந்தது.

எனக்கு நேரம் போய்க்கொண்டிருக்கும் கவலை. ஆனாலும் அந்தக் குறியை அழிக்க எனக்கும் மனசு வரவில்லை என்பதுதான் நிஜம். தலைப்பகுதி முடியும் இடத்துக்குக் கீழே கொண்டுவந்து, ஒரு வரி இடம் விட்டு, அச்சில் வராத குறிப்பு என்று கம்ப்யூட்டருக்குப் புரியும் அடையாளத்துக்குள் அதை வைத்தேன். ஃபைலில் இருக்கும், தாளில் வராது. யாரும் அதைக் குறைசொல்ல முடியாது. காலையில் எடுத்த கட்டளையையும் திரும்பப் போட்டு, எக்ஸ்போர்ட் பட்டனைத் தட்டினேன்.

வந்தது. தமிழ் மொத்தமும் வந்தது. ஓரம் சரியாக, வரி சரியாக, பக்க எண் உச்சியில் சரியாக. ஆலந்தலைப் பெரியவர் தன் அத்தியாயத்தில் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாக இருந்தது. இந்தத் தொழிலில் இப்படிச் சில நேரம் வாய்க்கும், அதற்காகத்தான் நான் இதை விடாமல் இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

பிரிண்ட் கொடுக்கப் போனேன். பிளாரன்ஸ் என் கையைப் பிடித்தாள். "ஒரு நிமிஷம். நன்றியுரையத் தொற."

"ஏளா, உனக்குப் பைத்தியமா? இப்பத்தான் ஒழுங்கா வந்திருக்கு. இனி ஃபைல்ல கைவச்சா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"தொற பிரியா."

திறந்தேன். நெறியாளர், நூலகர், தகவல் சொன்ன மீனவர்கள், நான் என்று எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லியிருந்தாள். கடைசியில் 'என் குடும்பத்தினருக்கும்' என்று மட்டும். அதை அழிக்கச் சொன்னாள். அந்த இடத்தில் அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

'இந்த ஆய்வேட்டை விடிய விடிய வாசித்து, பெயர்கள் சரி என்று சொன்ன கடலோடி, என் கணவர் ரெக்சனுக்கு.'

மறுபடி எக்ஸ்போர்ட். மறுபடி ஒழுங்காக வந்தது. பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. லிங்கராஜ் அண்ணாச்சி கடைக்கு நானே ஓடிப்போய், மற்ற வேலையெல்லாம் ஓரமாக வையுங்கள் என்று சண்டை போட்டு, கட்டு கட்டாகத் தாளைக் கொண்டு கொடுத்தேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே ஒட்டினார். முடியும்போது சந்தில் பைக் ஹாரன் கேட்டது. கையில் நீலப் பெயின்ட்டும் காலில் நீலப் பெயின்ட்டுமாக ரெக்சன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"பஸ்ஸுன்னா லேட்டாயிரும்" என்றார். அவ்வளவுதான் பேசினார். ஆய்வேடுகளைப் பையோடு வாங்கி, பெயின்ட் ஒட்டாமல் இருக்க ஒரு துண்டை விரித்துத் தன் முன்னால் டேங்க் மேல் வைத்துக்கொண்டார். நன்றியுரை பற்றி நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

சாயங்காலம் போன் வந்தது.

"குடுத்தாச்சு பிரியா. சீல் போட்டு வாங்கிட்டாங்க. நாங்க போனதுதான் கடைசி, அதோட ஆபீஸ மூடிட்டாங்க."

"அண்ணன் எங்க?"

"வெளிய வேப்ப மரத்தடில உக்காந்து என் காப்பிய வாசிக்காவ."

"அதான் வாசிச்சாச்சே."

"கம்ப்யூட்டர்ல வாசிச்சது கண்ணுல நிக்கலயாம். அட்டைலருந்து ஒவ்வொரு பக்கமா வாராவ." பிளாரன்ஸின் குரல் தாழ்ந்தது. "இப்ப நன்றியுரைக்கு வந்துருக்காவ போல. கண்ணாடியக் கழட்டிட்டாவ. நான் வைக்கேன் பிரியா."